ஆப்ரா லா போக்கா: பல் மருத்துவர் நாற்காலியருகே பேசவேண்டிய ஸ்பானிஷ்

சென்னையிலோ மதுரையிலோ பி.டி.எஸ். முடித்து அமெரிக்கா போகிற பல் மருத்துவர், போன கையோடு அங்கே தொழில் செய்துவிட முடியாது. ஐ.என்.பி.டி.இ. தேர்வு எழுதவேண்டும். ஏதாவதொரு பல்கலைக்கழகத்தில் இரண்டு, மூன்று வருடம் மறுபடியும் மாணவராக உட்காரவேண்டும். பிறகு மாநில உரிமம். எல்லாம் ஆங்கிலத்தில். இவ்வளவும் முடிந்து வேலை கிடைக்கிற ஊர் டெக்சஸின் மெக்காலன் என்றோ கலிபோர்னியாவின் ஃப்ரெஸ்னோ என்றோ அமைந்துவிட்டால், முதல் நாள் காலையில் நாற்காலியில் வந்து சாயும் அம்மாள் ஆங்கிலம் பேசுவார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

"புவேனோஸ் தீயாஸ், தொக்தோரா. மே துவேலே லா முவேலா."

வணக்கம் டாக்டர், எனக்குக் கடைவாய்ப்பல் வலிக்கிறது என்கிறார் அவர். இந்த ஒரு வாக்கியத்தைப் புரிந்துகொள்ளவும், அடுத்துக் கேட்கவேண்டிய நான்கு கேள்விகளைக் கேட்கவும், எந்த இடத்தில் பேச்சை நிறுத்திவிட்டு மொழிபெயர்ப்பாளரை அழைக்கவேண்டும் என்று தெரிந்துகொள்ளவும் உதவுவதே இந்த அத்தியாயம். சரளமாக ஸ்பானிஷ் பேசவைப்பது இதன் வேலை அல்ல.

யாருக்கு, எங்கே?

அமெரிக்காவின் 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, ஹிஸ்பானிக் என்று தங்களைக் குறித்துக்கொண்டவர்கள் 6.2 கோடிப் பேர். வீட்டில் ஸ்பானிஷ் பேசுபவர்கள் 4 கோடிக்கும் மேல். டெக்சஸிலும் கலிபோர்னியாவிலும் ஏறக்குறைய பத்தில் நான்கு பேர் ஹிஸ்பானிக். எல்லையோர ஊரான லரேடோவில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல். மயாமியில் கியூபாவிலிருந்து வந்தவர்கள், நியூயார்க்கில் புவேர்த்தோ ரிக்கோ, டொமினிக்கன் குடியரசுக்காரர்கள், வாஷிங்டன் வட்டாரத்தில் எல் சால்வடார்காரர்கள், தென்மேற்கு முழுக்க மெக்சிகோக்காரர்கள் என்று பிரிந்து கிடக்கிறார்கள். வேலைக்குப் போகும் ஊரில் எந்த நாட்டார் அதிகம் என்று முதலிலேயே விசாரித்துக்கொள்வது நல்லது. ஏன் என்பது 'ஸ்ட்ரா' பற்றிய பகுதியில் தெரியும்.

எல்லையோர நோயாளிகளிடம் இன்னொரு விசேஷம் உண்டு. அமெரிக்காவில் பல் வைத்தியத்துக்கு ஆகும் செலவுக்குப் பயந்து, பலர் எல்லை தாண்டி மெக்சிகோ போய் வைத்தியம் பார்த்துக்கொள்கிறார்கள். அரிசோனாவின் யூமாவுக்கு அருகே, எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் லோஸ் அல்கோதோனெஸ் சில ஆயிரம் பேர் வாழும் சிற்றூர்தான்; அங்கே பல் மருத்துவர்கள் நூற்றுக்கணக்கில் இருக்கிறார்கள். 'கடைவாய்ப்பல் நகரம்' என்றே அதற்குப் பெயர். டெக்சஸ்காரர்களுக்கு நுவேவோ புரொக்ரேஸோ. அங்கே வேர் சிகிச்சை செய்து பாதியில் நின்றவர், கிரீடம் போட்டுக்கொண்டவர் எல்லாம் பழைய சீட்டோடு இங்கே வருவார்கள். அந்தச் சீட்டில் பல்லின் எண் 36 என்று இருந்தால் இந்தியாவில் படித்தவர் திகைக்கமாட்டார். இந்தியாவைப் போலவே மெக்சிகோவிலும் எஃப்.டி.ஐ. இரட்டை எண் முறைதான். அமெரிக்கா மட்டும் 1 முதல் 32 வரை வரிசையாக எண்ணுகிறது; 36 அங்கே 19 ஆகிவிடும், 46 என்பது 30. அமெரிக்கக் கல்லூரியில் படித்த சக மருத்துவர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும்போது தமிழ்நாட்டு டாக்டர் உதவிக்குப் போகலாம்.

தமிழ் வழியே போனால் சுருக்கு வழி

ஸ்பானிஷ் கற்றுத்தரும் செயலிகளும் புத்தகங்களும் ஆங்கிலம் பேசுபவருக்காக எழுதப்பட்டவை. அவர்களுக்கு எது கடினமோ அதையே பக்கம் பக்கமாக விளக்கும். தமிழருக்கு அந்தப் பக்கங்களில் பாதி தேவையில்லை.

உதாரணத்துக்கு 'மே துவேலே'. ஆங்கிலம் பேசுபவர் இதைத் தலைகீழான வாக்கியம் என்று கருதித் திணறுவார். தமிழருக்கோ 'மே' என்றால் எனக்கு, 'துவேலே' என்றால் வலிக்கிறது. 'தே துவேலே' உனக்கு வலிக்கிறது. 'லே துவேலே' உங்களுக்கு அல்லது அவருக்கு வலிக்கிறது. வலிப்பது ஒன்றுக்கு மேற்பட்டால் வினையும் பன்மைக்கு மாறும்: 'மே துவேலென் லாஸ் என்சீயாஸ்', ஈறுகள் வலிக்கின்றன. நான், நீ என்று எழுவாயைச் சொல்லாமலேயே வினையின் விகுதியை வைத்து யார் என்று புரிந்துகொள்வதும் தமிழில் உள்ளதுதான்.

மரியாதையும் அப்படியே. 'தூ' என்றால் நீ, 'உஸ்தேத்' என்றால் நீங்கள். ஏவலில் குழந்தையிடம் 'ஆப்ரே' (திற), பெரியவரிடம் 'ஆப்ரா' (திறங்க). செயலிகள் பெரும்பாலும் 'தூ' வடிவத்தில் தொடங்குவதால், அதைக் கற்றவர் எழுபது வயதுப் பாட்டியிடம் 'வாயைத் திற' என்று சொல்லிவிடும் ஆபத்து உண்டு. மருத்துவமனையில் பெரியவர் யாராயிருந்தாலும் உஸ்தேத்தான். நெருக்கமும் மரியாதையும் சேர்ந்து வரவேண்டுமென்றால் பெயருக்கு முன் 'தோன்' அல்லது 'தோஞா' சேர்ப்பார்கள்: தோஞா கார்மென், தோன் லூயிஸ். இது குடும்பப் பெயரோடு வராது. சொந்தப் பெயரோடு மட்டுமே வரும். குடும்பப் பெயரென்றால் ஸெஞோர், ஸெஞோரா.

குடும்பப் பெயர் இரண்டு இருக்கும் என்பதும் கவனிக்கவேண்டியது. மரியா கார்ஸியா லோப்பெஸ் என்றால் கார்ஸியா அப்பா வழி, லோப்பெஸ் அம்மா வழி. அமெரிக்கக் கணினி கடைசிப் பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு, ஒரே ஆளுக்கு இரண்டு கோப்பு திறந்துவிடும். இனிஷியலோடு விமான நிலையங்களில் அல்லல்பட்ட தமிழருக்கு இதை விளக்கவேண்டியதில்லை. பிறந்த தேதியையும் ஒருமுறை வாய்விட்டுக் கேட்டுவிடவேண்டும்: அவர்கள் நம்மைப் போல நாள், மாதம் என்று எழுதுவார்கள், அமெரிக்கப் படிவம் மாதம், நாள் என்று படிக்கும்.

ஒலிகளிலும் தமிழருக்கு அனுகூலம். ஸ்பானிஷின் 'த' நாக்கு நுனி பல்லைத் தொட்டுப் பிறக்கும் நம்முடைய த. உயிரெழுத்துகளுக்கு நடுவே வந்தால் 'அது' என்பதன் து போல மெலிந்துவிடும். 'லாதோ' (பக்கம்) என்பதைத் தமிழர் சொன்னால் இயல்பாகவே சரியாக வரும். ஞ அப்படியே இருக்கிறது. வயது கேட்கும் 'குவான்த்தோஸ் ஆஞோஸ் தியேனே?' என்ற கேள்வியில் ஞ-வை ன ஆக்கிவிட்டால் அது ஆசனவாயைக் குறிக்கும் சொல்லாகிவிடும். ஆங்கிலம் பேசுவோர் அடிக்கடி இடறும் இடம் அது. தமிழருக்கு இடறவேண்டிய அவசியமே இல்லை. சாதாரண ர ஒன்று, உருட்டும் ர்ர இன்னொன்று: 'காரோ' என்றால் விலை அதிகம், 'கார்ரோ' என்றால் கார். பல் மருத்துவமனையில் முன்னதுதான் நிறையக் காதில் விழும்.

சிரமம் இரண்டு இடத்தில். ஒன்று அழுத்தம். தமிழில் சொல்லின் எந்த அசையை அழுத்தினாலும் பொருள் மாறாது, ஸ்பானிஷில் மாறும். 'தோமோ' என்று முதல் அசையை அழுத்தினால் 'நான் சாப்பிடுகிறேன்'. 'தொமோ' என்று கடைசியை அழுத்தினால் 'அவர் சாப்பிட்டார்'. மாத்திரையைச் சாப்பிட்டது யார், எப்போது என்பதே இங்கே மாறிப்போகிறது. பொது விதி எளிது: உயிரெழுத்திலோ ன், ஸ் ஆகியவற்றிலோ முடியும் சொல்லுக்குக் கடைசிக்கு முந்தைய அசையில் அழுத்தம், மற்றவற்றுக்குக் கடைசியில், விலக்கு இருந்தால் எழுத்தின் மேல் சாய்கோடு போட்டுக் காட்டியிருப்பார்கள்.

மற்றொன்று தமிழ் எழுத்து. இதில் வல்லொலி, மெல்லொலி வேறுபாடு தெரியாது. இந்த அத்தியாயத்தில் 'போக்கா' என்பதன் போ, போண்டாவின் போ. 'துவேலே' என்பதன் து, துபாயின் து. 'ஆப்ரா' என்பது ஆப்ரஹாம் லிங்கனின் ஆப்ரா. எழுத்தைப் பார்த்து ஒருமுறை படித்தபின் கிளினிக்கின் உதவியாளர் ஒருவரைச் சொல்லச் சொல்லிக் கைபேசியில் பதிவு செய்துகொள்வதே சரியான வழி.

நாற்காலியில் தேவைப்படும் ஏவல்கள்

வாயில் கண்ணாடியும் உறிஞ்சுகுழாயும் இருக்கும்போது நோயாளி பேசமாட்டார். அதனால் பல் மருத்துவரின் ஸ்பானிஷில் முக்கால்வாசி ஒருவழிப் பேச்சு. கீழே உள்ளவற்றை மனப்பாடம் செய்தால் ஒரு முழுப் பரிசோதனையை நடத்திவிடலாம்.

ஆப்ரா லா போக்கா, போர் ஃபவோர் – வாயைத் திறங்க.
ஆப்ரா மாஸ் கிராந்தே – இன்னும் பெரிதாக.
சியெர்ரே – மூடுங்க.
முவேர்தா – கடிங்க.
ஹீரே லா கபேஸா ஆ லா தெரேச்சா – தலையை வலப்பக்கம் திருப்புங்க. இடப்பக்கம் என்றால் ஆ லா இஸ்கியேர்தா.
ரெஸ்பீரே போர் லா நரீஸ் – மூக்கால் மூச்சு விடுங்க.
நோ ஸே முவேவா – அசையாதீங்க.
என்ஹுவாகெஸே – கொப்பளிங்க.
எஸ்கூப்பா – துப்புங்க.
லெவான்த்தே லா மானோ ஸி லே துவேலே – வலித்தால் கையைத் தூக்குங்க.

கடைசி வாக்கியத்தைச் சிகிச்சை தொடங்கும் முன்பே சொல்லிவிடவேண்டும். கை உயர்ந்தால் உடனே நிறுத்தவும் வேண்டும். ஒருமுறை கை உயர்ந்தும் டிரில் நிற்கவில்லையென்றால் எவ்வளவு நல்ல ஸ்பானிஷ் பேசினாலும் நம்பிக்கை திரும்பாது.

'போர் ஃபவோர்' என்பதைத் தாராளமாகச் சேர்க்கலாம். அவ்வப்போது 'முய் பியேன்' (ரொம்ப நல்லது), முடியும் தறுவாயில் 'யா காஸி' (முடிஞ்சிடுச்சு, கொஞ்சம்தான்). இந்த இரண்டும் நேரம் போவது தெரியாமல் செய்யும்.

வலியை விசாரிப்பது

தோந்தே லே துவேலே? எங்கே வலிக்கிறது. தெஸ்தே குவாந்தோ? எப்போதிலிருந்து. பதிலில் தீயாஸ் வந்தால் நாட்கள், ஸெமானாஸ் வாரங்கள், மேஸெஸ் மாதங்கள். அடுத்து எது வலியைக் கிளப்புகிறது என்று கேட்கவேண்டும்:

லே துவேலே கோன் லோ ஃப்ரீயோ? – குளிர்ச்சி பட்டால்?
கோன் லோ கலியென்த்தே? – சூடு பட்டால்?
கோன் லோ துல்ஸே? – இனிப்பு சாப்பிட்டால்?
அல் மொர்தேர்? – கடிக்கும்போது?

'ஸி', 'நோ' என்ற பதில் போதும். ஆனால் நோயைக் கணிக்க உதவும் கேள்வி இதற்குப் பிறகுதான் வருகிறது: 'ஸே கீத்தா ர்ராப்பிதோ, ஓ ஸே கேதா?' சட்டென்று போய்விடுகிறதா, நின்றுவிடுகிறதா? குளிர்ந்த தண்ணீர் பட்டு ஓரிரு நொடியில் மறையும் கூச்சமென்றால் பல்லின் உயிர்க்கூழ் இன்னும் மீளும் நிலையில் இருக்கலாம். சொத்தையைச் சுரண்டி அடைத்தாலே சரியாகலாம். நிமிடக்கணக்கில் நின்று வலித்தால் விஷயம் வேறு. அதோடு 'லே தெஸ்பியெர்த்தா எல் தொலோர் தே நோச்சே?' (வலி ராத்திரியில் எழுப்பிவிடுகிறதா?) என்பதற்கும் 'ஸி' வந்தால் வேர் சிகிச்சையோ பல் பிடுங்குவதோதான் என்ற முடிவை நோக்கிப் போகவேண்டியிருக்கும். எக்ஸ்ரேவும் குளிர்ச் சோதனையும் உறுதிப்படுத்தும்; வழியைக் காட்டுவது இந்த இரண்டு கேள்விகள்.

நோயாளி தரப்பிலிருந்து வரும் சொற்களையும் காது பழகவேண்டும். பாடப்புத்தகம் பல்லுக்கு 'தியென்த்தே' என்று சொல்லித்தரும். வலியோடு வருபவர் பெரும்பாலும் 'முவேலா' என்பார், கடைவாய்ப்பல். ஞானப்பல் 'முவேலா தெல் ஹுயிஸியோ'. சொத்தைப்பல் 'பிக்காதா'. வீங்கியிருந்தால் 'இன்ச்சாதோ', ஆடினால் 'ஃப்லோஹோ', ரத்தம் வந்தால் 'ஸாங்க்ரா'. காறை 'ஸார்ரோ'. 'மே மொலெஸ்தா' என்பவர் வலி என்று சொல்லுமளவுக்கு இல்லை, தொந்தரவாக இருக்கிறது என்கிறார். வயதானவர்கள் தங்கள் வலியை இந்தச் சொல்லால் குறைத்துச் சொல்வதும் உண்டு. ஒன்று முதல் பத்து வரை எவ்வளவு என்று விரல் காட்டிக் கேட்டுவிடுவது நல்லது: 'தெல் ஊனோ அல் தியேஸ்'.

ஊசி போடும்போது

'லே போய் ஆ போனேர் அனெஸ்தேஸியா' – மரத்துப்போகும் ஊசி போடப்போகிறேன். மெக்சிகோக்காரரிடம் 'உன் பிக்கேத்தே' என்று சேர்த்தால் சுருக்கென்று ஒரு குத்து என்பது புரிந்துவிடும். வலிக்கவே வலிக்காது என்று வாக்குக் கொடுக்கவேண்டாம். பல் பிடுங்கும்போது சொல்லவேண்டியது 'வா ஆ ஸென்தீர் பிரெஸியோன்': அழுத்தம் தெரியும். அதையே 'பிரெஸியோன், நோ தொலோர்' என்று திருப்பிச் சொன்னால் எதை எதிர்பார்ப்பது, எதற்குக் கை தூக்குவது என்ற வேறுபாடு தெளிவாகும்.

கீழ்த்தாடை ஊசி வேலை செய்துவிட்டதா என்று அறிய உதட்டைக் கேட்கவேண்டும். தமிழில் உதடு மரத்துப்போகும், ஸ்பானிஷில் தூங்கிப்போகும். 'யா ஸே லே துர்மியோ எல் லாபியோ?' உதட்டின் பாதி தூங்கியிருக்கவேண்டும் என்று விரலால் தொட்டுக் காட்டலாம். குழந்தைக்கு ஊசி போட்டிருந்தால் வெளியே அனுப்பும் முன் அம்மாவிடம் 'கே நோ ஸே முவேர்தா எல் லாபியோ' – உதட்டைக் கடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்க. மரத்த உதட்டை மென்று புண்ணாக்கிக்கொண்டு மறுநாள் வரும் பிள்ளைகள் எல்லா நாட்டிலும் உண்டு.

என்ன மாத்திரை போட்டீங்க?

'கே ஆ தொமாதோ பாரா எல் தொலோர்?' – வலிக்கு என்ன சாப்பிட்டீங்க? இந்தக் கேள்விக்கு வரும் பதில்களில் சில, இந்தியாவில் படித்தவருக்குப் பழக்கமானவை. அமெரிக்கர் அசிட்டமினோஃபென் என்பதை மெக்சிகோக்காரரும் நம்மைப் போலப் பாராசிட்டமால் என்கிறார்: 'பராஸெத்தமோல்'. 'கிளாவோ' என்றால் கிராம்பு. வலிக்கிற பல்லில் கிராம்பை வைத்துக் கடிப்பது அங்கும் பாட்டி வைத்தியம்தான்.

ஏமாற்றும் பெயர்களும் உண்டு. மெக்சிகோவில் விற்கும் தோலோ நியூரோபியோன் அதில் ஒன்று. டோலோ என்றதும் தமிழ்நாட்டு மருத்துவருக்குக் காய்ச்சல் மாத்திரையான பாராசிட்டமாலும், நியூரோபியான் என்றதும் சத்து மாத்திரையும் நினைவுக்கு வரும். அந்த மாத்திரையில் இருப்பது டைக்ளோஃபெனாக்கும் பி வைட்டமின்களும். ரத்தத்தை இளக்கும் மருந்து சாப்பிடுபவரோ, வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு உள்ளவரோ அதை நாலு நாளாகப் போட்டுக்கொண்டிருந்தால் பல் பிடுங்கும் முன் தெரிந்தாகவேண்டும். நியோ மெலுப்ரீனா என்பது மெட்டாமிசோல். ரத்த வெள்ளணுக்களைக் குறைத்துவிடும் ஆபத்து காரணமாக அமெரிக்காவில் 1977-ல் சந்தையிலிருந்து நீக்கப்பட்டது, மெக்சிகோவில் இன்றும் கிடைக்கிறது. மெக்சிகோவில் 2010 முதல் ஆன்டிபயாட்டிக் வாங்கச் சீட்டு கட்டாயம் என்றாலும், வீட்டில் மிச்சமிருந்த அமாக்ஸிசிலினைப் போட்டுக்கொண்டு வருபவர்கள் இருக்கிறார்கள். மாத்திரை அட்டையையே கொண்டுவரச் சொல்வது பாதுகாப்பு.

கட்டாயம் கேட்கவேண்டிய மற்றவை: 'எஸ் அலேர்ஹிக்கோ ஆ லா பெனிஸிலீனா?' (பெண்ணென்றால் அலேர்ஹிக்கா). 'தியேனே அஸூக்கார்?' சர்க்கரை இருக்கிறதா. நாம் சொல்வது போலவே அவர்களும் நீரிழிவைச் சர்க்கரை என்கிறார்கள். 'பிரெஸியோன் ஆல்தா?' ரத்த அழுத்தம். எக்ஸ்ரேவுக்கு முன் 'எஸ்தா எம்பராஸாதா?' கர்ப்பமா? இந்தச் சொல்லின் ஒலியை ஆங்கிலச் சாயலில் கேட்டுக் கூச்சம் என்று பொருள்கொள்ளக் கூடாது.

ஸ்ட்ரா படுத்தும் பாடு

பல் பிடுங்கியபின் உறிஞ்சினால் ரத்தக்கட்டி பெயர்ந்து குழி வறண்டு உயிர்போகும் வலி வரும். ஆகவே ஸ்ட்ரா கூடாது. சின்ன அறிவுரைதான், ஆனால் மெக்சிகோவில் ஸ்ட்ரா 'பொப்போத்தே', மத்திய அமெரிக்காவில் 'பஹீயா', கொலம்பியாவில் 'பித்தீயோ', டொமினிக்கன் குடியரசில் 'கலிமேத்தே', சிலியில் 'போம்பீயா'. மெக்சிகோ உதவியாளரிடம் கற்ற 'நோ ஊஸே பொப்போத்தே' என்ற வாக்கியத்தைக் கொலம்பியா தாத்தா கேட்டுப் பணிவாகத் தலையாட்டிவிட்டு, வீட்டுக்குப் போய் ஸ்ட்ரா போட்டு ஜூஸ் குடிப்பார். மேசையில் ஒரு ஸ்ட்ராவை வைத்துக்கொண்டு, காட்டி, 'நோ' என்று சொன்னால் எல்லா நாட்டுக்கும் போதும்.

பால் புட்டியும் இப்படித்தான்: பொதுவாக 'பிபெரோன்', மெக்சிகோவில் 'மமீலா', எல் சால்வடாரில் 'பாச்சா', கொலம்பியாவில் 'தெத்தேரோ'. இரவில் புட்டியை வாயில் வைத்தபடி தூங்கும் குழந்தைக்கு முன்பற்கள் கரைந்துபோகும் என்று எச்சரிக்க இந்தச் சொல் வேண்டும். பல் அடைப்புக்கு 'ர்ரெயேனோ', 'எம்பாஸ்தே', 'கால்ஸா' என்று ஊருக்கொரு பெயர். எடுப்பது, பிடிப்பது என்பதற்கு ஸ்பெயின்காரர்கள் சர்வ சாதாரணமாகச் சொல்லும் 'கொஹேர்' மெக்சிகோவில் கெட்டவார்த்தை. ஸ்பெயினில் தயாரான பாடங்களிலிருந்து கற்பவர்கள் இதை மட்டும் விட்டுவிட்டு 'தொமார்' என்றே பழகவேண்டும்.

பல் பிடுங்கியபின் தரவேண்டிய மற்ற அறிவுரைகளில் சொல்வேறுபாடு அவ்வளவு இல்லை. 'முவேர்தா லா காஸா மேதியா ஓரா': பஞ்சுத்துணியை அரைமணி நேரம் கடித்திருங்க. 'நோ ஃபூமே': புகை கூடாது. 'ஊனா பஸ்தீயா காதா ஓச்சோ ஓராஸ்': எட்டு மணிக்கொரு மாத்திரை. மருந்துச் சீட்டில் ஒரு பொறி இருக்கிறது. ஒருமுறை என்பதற்கு ஆங்கிலத்தில் எழுதும் அதே நான்கு எழுத்துகள் ஸ்பானிஷில் 'ஒன்ஸே', அதாவது பதினொன்று. நாளுக்கு ஒருமுறை என்ற ஆங்கில வரியை நாளுக்குப் பதினொரு முறை என்று படிக்க இடமிருக்கிறது. எண்ணால் 1 என்று எழுதச் சொல்லவேண்டும். வாயால் 'ஊனா வேஸ் அல் தீயா'.

பிள்ளைகளிடம்

குழந்தைகளிடம் உஸ்தேத் வேண்டாம். ஆப்ரே, சியெர்ரா, முவேர்தே என்று தூ வடிவம் போதும். விழுந்த பாற்பல்லை நம் ஊரில் கூரைமேல் எறிவார்கள். ஸ்பானிஷ் பேசும் நாடுகள் பலவற்றில் அதைத் தலையணைக்கடியில் வைத்தால் ஒரு எலி வந்து எடுத்துக்கொண்டு காசு வைத்துவிட்டுப் போகும். ஸ்பெயினில் அந்த எலியின் பெயர் பேரெஸ். சிறுவனாயிருந்த அரசன் பதின்மூன்றாம் அல்ஃபோன்ஸோவுக்காக லூயிஸ் கொலோமா என்ற பாதிரியார் 1890-களில் எழுதிய கதையிலிருந்து பிரபலமானது. பல் ஆடுகிறது என்று மிரண்டிருக்கும் பிள்ளையிடம் 'எல் ர்ரத்தோன்' வருமே என்றால் முகம் மாறும்.

எங்கே நிறுத்தவேண்டும்

இதுவரை சொன்ன ஸ்பானிஷ் நாற்காலிக்குப் போதும், சம்மதப் படிவத்துக்குப் போதாது. அறுவை சிகிச்சை, பல மாற்றுவழிகள் உள்ள சிகிச்சை, பணம், சிக்கலான மருத்துவ வரலாறு ஆகியவற்றுக்குத் தகுதி பெற்ற மொழிபெயர்ப்பாளர் தேவை.

அரைகுறைப் புரிதல் என்ன செய்யும் என்பதற்கு ஃப்ளோரிடாவில் 1980-ல் நடந்தது சாட்சி. சுயநினைவின்றிக் கொண்டுவரப்பட்ட 18 வயது இளைஞனைப் பற்றி அவன் கியூபக் குடும்பத்தார் 'இன்தொக்ஸிகாதோ' என்றார்கள். எதையோ சாப்பிட்டு உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்பது அவர்கள் பொருள். மருத்துவர்கள் போதை மருந்து என்று எடுத்துக்கொண்டார்கள். உண்மையில் மூளையில் ரத்தக்கசிவு. தாமதத்தில் அவன் கைகால்கள் நிரந்தரமாகச் செயலிழந்தன. வழக்கு சுமார் 7.1 கோடி டாலர் உடன்பாட்டில் முடிந்தது. தொழில்முறை மொழிபெயர்ப்பாளரை யாரும் கூப்பிடவில்லை.

1964-ன் குடிமை உரிமைகள் சட்டத்தின் ஆறாம் பகுதியும், 2010-ன் மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தின் 1557-ம் பிரிவும், மெடிக்கெய்ட் போன்ற அரசுப் பணம் பெறும் மருத்துவமனைகள் மொழி உதவியை இலவசமாகத் தரவேண்டும் என்கின்றன. ஆங்கிலமே ஆட்சிமொழி என்ற அதிபர் ஆணை 2025 மார்ச்சில் வந்தபோது, 2000-ம் ஆண்டின் மொழி உதவி ஆணை ரத்தானது. 1557 காங்கிரஸ் இயற்றிய சட்டம், அது அந்த ஆணையால் நீங்கவில்லை. அவசர நிலை தவிர, கூட வந்த பிள்ளையை மொழிபெயர்க்க வைக்கக் கூடாது. பத்து வயது மகளிடம் 'அம்மா கர்ப்பமா, என்ன மாத்திரை சாப்பிடுகிறார்' என்று கேட்கவைப்பது எவ்வளவு தவறு என்பது சொல்லாமலே விளங்கும். கணினி மொழிபெயர்ப்பையும் தகுதி பெற்ற ஒருவர் சரிபார்க்காமல் சம்மதப் படிவத்தில் ஒட்டக் கூடாது.

சொல்லவேண்டிய வாக்கியம்: 'ஆப்லோ உன் போக்கோ தே எஸ்பாஞோல். போய் ஆ யமார் ஆ உன் இன்த்தேர்ப்ரெத்தே.' எனக்குக் கொஞ்சம் ஸ்பானிஷ் தெரியும், மொழிபெயர்ப்பாளரை அழைக்கிறேன். தொலைபேசியில் அவர் பேசத் தொடங்கியதும் மருத்துவர் பார்க்கவேண்டியது நோயாளியின் முகத்தை, கருவியை அல்ல. வாக்கியங்கள் குட்டையாக இருக்கட்டும். 'அவரிடம் கேளுங்கள்' என்று சொல்லாமல் நேராக 'உங்களுக்கு' என்று பேசினால் போதும்.

கலிபோர்னியாவின் பண்ணைப் பகுதிகளில் இன்னொரு கவனமும் தேவை. வஹாக்காவிலிருந்து வந்த தொழிலாளர்களில் மிக்ஸ்தேக்கோ, ஸப்போத்தேக்கோ மொழிக்காரர்கள் உண்டு. குவாத்தமாலாவிலிருந்து மாம், கிச்சே பேசுபவர்களும் வருகிறார்கள். அவர்களுக்கு ஸ்பானிஷே இரண்டாம் மொழி. 'கே இதியோமா ஆப்லா என் காஸா?' (வீட்டில் என்ன மொழி பேசுவீங்க?) என்று கேட்டபிறகு மொழிபெயர்ப்பாளரைத் தேர்ந்தெடுக்கவேண்டும்.

எந்த மொழியானாலும் 'ஸி, தொக்தோரா' என்ற தலையாட்டலைப் புரிந்துகொண்டதற்கு அடையாளமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 'திகாமே, கோமோ வா ஆ தொமார் லா மெதிஸீனா?' – மருந்தை எப்படிச் சாப்பிடுவீங்க, சொல்லுங்க பார்ப்போம். அவர் வாயால் திருப்பிச் சொன்னால்தான் அறிவுரை சேர்ந்தது என்று கணக்கு.

முதல் மாதம்

முதல் வாரம் ஏவல்கள் மட்டும். இரண்டாம் வாரம் வலிக் கேள்விகள். மூன்றாம் வாரம் ஊசியும் பிடுங்கியபின் அறிவுரையும். நான்காம் வாரம் நோயாளிகளின் பதில்களைக் காது கொடுத்துக் கேட்பது. புரியாத சொல்லை மாலையில் உதவியாளரிடம் விசாரிப்பது. ஸ்பானிஷ் தெரிந்த உதவியாளர்கள் கிளினிக்கிலேயே இருப்பார்கள். கற்றுக்கொடுக்கச் சொன்னால் மகிழ்ச்சியோடு கற்றுக்கொடுப்பார்கள். அதற்காக அவர்களை மொழிபெயர்ப்பாளராக நினைத்துச் சம்மதப் படிவத்தை அவர்கள் தலையில் கட்டிவிடவேண்டாம். அதற்கான தகுதி அவர்களுக்கு இருக்கிறதா என்று நிர்வாகத்திடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். மேலே உள்ள ஏவல்களை ஒரு அட்டையில் எழுதி விளக்கின் கைப்பிடியருகே ஒட்டுங்கள். அதன் பக்கத்திலேயே மொழிபெயர்ப்பாளர் சேவையின் தொலைபேசி எண்ணையும் பெரிய எழுத்தில் ஒட்டிவிடுங்கள்.